உலைக்களத்திலிருந்து உருக்கு மேசைவரை: வன்னிப் பெருநிலத்து இரும்புத் தொழிலின் வேலைப்பரப்பு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளங்களையும் வன்னிமைகளையும் போர்களையுமே பேசியுள்ளனர். குளத்தைக் கட்டிய மண்வெட்டியையும், காட்டை வெட்டிய கோடரியையும், வயலை உழுத கொழுவையும் ஆக்கித்தந்த உலைக்களம் ஆய்வாளரின் கண்ணுக்கு அத்துணை எளிதிற் படுவதில்லை. அவ்வுலைக்களத்தினும் குறைவாகப் பேசப்பட்டது அங்கு வேலை நடைபெறும் பரப்பாகும். இரும்பைக் காய்ச்சத் தீ எவ்வளவு இன்றியமையாததோ, காய்ச்சிய இரும்பை வைத்து அடிப்பதற்கும் இணைப்பதற்கும் அசையாத பரப்பொன்று அவ்வளவு இன்றியமையாதது. கொல்லன் நிலத்தில் அமர்ந்து பயன்படுத்திய அடைகல் தொடக்கம், இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீட்டு முற்றங்களில் நிற்கும் உருக்கு மேசை ஈறாக, இப்பரப்பு அடைந்த மாற்றங்கள் யாவை, அம்மாற்றங்கள் அவ்வப்போதைய சமூக நிலையைப் பற்றி எதனை உணர்த்துகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தில் அமர்ந்த தொழில்

தமிழிலக்கியம் கொல்லனை நன்கறியும். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளோடு வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லனின் கடமையையும் ஒருங்கு வைத்து எண்ணுகின்றார். திருக்குறளின் 821ஆம் பாடல், மனம் ஒன்றாது பழகுவோரின் நட்பினைப் பட்டடைக்கு உவமிக்கின்றது. பட்டடை என்பது கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் கல். தாங்குவது போலத் தோன்றி, வாய்ப்பு நேரும்போது வெட்டுண்ணத் துணைசெய்வது என்பதே அவ்வுவமையின் கருத்து. பட்டடையின் தொழிலை அருகிருந்து கண்டவருக்கே இவ்வுவமை தோன்றும். வேலைப்பரப்பு ஒன்று அறநூலில் இடம்பெறுமளவுக்குக் கொல்லனின் தொழில் ஊர்வாழ்வோடு ஒன்றியிருந்தது.

இலங்கையில் இரும்பின் தொன்மையும் சிறியதன்று. பொம்பரிப்பு முதலிய இடங்களில் வெளிப்பட்ட பெருங்கற்பண்பாட்டு ஈமத்தாழிகள், வடமேற்குக் கரையிலும் அதனைச் சார்ந்த உலர்வலயத்திலும் வாழ்ந்த மக்கள் தென்னிந்திய இரும்புக்காலப் பண்பாட்டோடு கொண்டிருந்த உறவினைக் காட்டுகின்றன. தென்னிலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையால் இயங்கிய இரும்புலைகள் இருந்தன என்பதை ஜில் ஜுலெப் அம்மையார் 1996இல் வெளியிட்ட ஆய்வு உலகறியச் செய்தது. இரும்பை உருக்கும் அறிவும் அதனை வடிக்கும் அறிவும் இத்தீவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே செழித்திருந்தன.

எனினும், மரபுவழிக் கொல்லனின் வேலைத்தலம் நிலமட்டத்திலேயே அமைந்திருந்தது. ஒரு மரக்குற்றியை மண்ணிற் புதைத்து அதன் தலையில் அடைகல்லைப் பதிப்பர். அருகே உலையும் துருத்தியும் இருக்கும். கொல்லன் குந்தியோ சம்மணமிட்டோ அமர்ந்து ஒரு கையிற் குறட்டினையும் மறு கையிற் சுத்தியலையும் கொண்டு தொழில் செய்வான். சம்மட்டி அடிப்பவன் மட்டும் எதிரே நிற்பான். அடியின் வேகம் முழுவதும் குற்றி வழியாக மண்ணில் இறங்குவதால் அடைகல் அசைவதில்லை. ஆகவே, மரபுவழிக் கொல்லனுக்கு நிலமே மேசை எனலாம்.

அவன் செய்தளித்த பொருள்கள் வன்னியின் உழவுக்கு உரியனவாயிருந்தன. கொழு, மண்வெட்டி, கோடரி, காட்டுக்கத்தி, அரிவாள் என்பனவும், மாட்டுவண்டிச் சில்லுக்கு ஏற்றும் இரும்புப் பட்டமும் அவற்றுள் முதன்மையானவை. பட்டம் ஏற்றுதல் நுட்பமான வேலை. சில்லின் சுற்றளவிலும் சற்றுக் குறைந்த வளையத்தைச் செந்தணலிற் காய்ச்சி, அது விரிந்த நிலையில் மரச்சில்லின்மேல் ஏற்றி நீரூற்றினால், இரும்பு சுருங்கி ஆரங்களை இறுகப் பிணிக்கும். வெப்பத்தால் இரும்பு விரியும், குளிர்ந்தாற் சுருங்கும், சுருங்கும்போது தன்னோடு சேர்ந்ததனைப் பெருவிசையோடு இழுக்கும் என்ற இவ்வறிவே பிற்காலத்தில் உருக்கியொட்டும் தொழிலாளியும் நாள்தோறும் எதிர்நோக்கும் சிக்கலுக்கு அடிப்படையாகும்.

இத்தொழில் சாதிவழி வந்தது. கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், சிற்பியர் என்னும் ஐவகைக் கம்மாளர் மரபில் இரும்பு கொல்லருக்கே உரித்தாயிருந்தது. ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி பெறும் வழக்கம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஊர்கள் பலவற்றில் நிலவியது. எனவே நிலத்தில் அமர்ந்த அத்தொழிலாளியின் இருக்கை, சமூகப் படிநிலையில் அவனுக்கு விதிக்கப்பட்ட இடத்தையும் ஓரளவு காட்டி நின்றது.

மேசையும் வாங்கும் வந்த வழி

மேசை, வாங்கு, கதிரை, அலுமாரி என்னும் சொற்கள் ஈழத்துத் தமிழில் இன்று இயல்பாக வழங்குகின்றன. இவை யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. நிலத்தைத் தோண்டும் இரும்புக் கோலாகிய அலவாங்கின் பெயரும் அம்மொழி தந்ததே. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்கள் சென்ற பின்னும் சொற்கள் நின்றுவிட்டன. ஒரு பொருளுக்கு அயற்சொல் நிலைத்திருப்பது, அப்பொருளோ அதன் பயன்பாடோ அவ்வயலாரோடு பரவியது என்பதற்கு வலுவான குறிப்பாகும். நின்றுகொண்டு இடுப்பளவு உயரத்தில் வேலைசெய்யும் முறை எமது தொழில்மரபில் எப்பகுதியிலிருந்து வந்தது என்பதை இச்சொற்களே உய்த்துணர வைக்கின்றன.

ஐரோப்பாவில் தச்சரின் வேலைவாங்கு நெடுங்கால வளர்ச்சியுடையது. பிரான்சிய நாட்டு ரூபோ என்பார் 1769இல் வெளியிடத் தொடங்கிய தச்சுநூலில், தடித்த பலகையும் பெருங்கால்களும் கொண்ட வாங்கினைப் படத்தோடு விளக்கினார். இயந்திரத் தொழிற்புரட்சி தோன்றியபோது மரவாங்கு போதாதாயிற்று. மிகத் தட்டையான உலோகப் பரப்பு வேண்டப்பட்டது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த், மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாறிமாறிப் பொருத்தி மேடுகளைச் சுரண்டுவதன் மூலம் உண்மையான தளப்பரப்பினைப் பெறும் முறையை 1840இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இரு தகடுகளை மட்டும் ஒப்பிட்டால் ஒன்று குழிந்தும் மற்றையது குவிந்தும் பொருந்திவிடக்கூடும். மூன்றாவது தகடு அவ்வேமாற்றை வெளிப்படுத்திவிடும். துல்லியமான பொருளுக்குத் துல்லியமான பரப்பே முதல் என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது.

இக்கொள்கை பிரித்தானியர் ஆட்சியின் பொதுவேலைகளோடும் புகையிரதத்தோடும் இலங்கைக்கு வந்தது. வன்னியின் அன்றைய நிலையை ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலிற் காணலாம். உடைந்த குளங்களும் காய்ச்சலும் மக்கட்டொகைக் குறைவும் அங்கு மேலோங்கி நின்றன. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறைவரை நிறைவெய்தி வன்னியை ஊடறுத்தது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிவுற்றது. வான்கதவு, துருசு, பாலம் எனப் பெருமளவு இரும்பு இப்பெருநிலத்துக்கு வந்தது. ஆயினும் அவற்றைச் செப்பனிடும் வேலைத்தலங்கள் அரச திணைக்களங்களின் கையிலேயே இருந்தன. ஊரவன் வீட்டில் அடைகல்லே இருந்தது.

மின்வில்லும் உழவு இயந்திரமும்

இரு உலோகத் துண்டுகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கும் முறை கொல்லர் அறிந்ததே. மின்வில்லின் வெம்மையால் அவற்றை உருக்கி இணைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்தது. ருஷ்யப் பேரரசில் வாழ்ந்த பெனார்தொஸ் 1881இல் கரிக்கோலைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். 1888இல் சிலவியானொவ் கரிக்கோலுக்குப் பதிலாக உலோகக் கோலைப் பயன்படுத்தினார். சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் கெல்பேர்க் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோலுக்குப் பூச்சு அமைத்தார். அப்பூச்சு எரிந்து எழும் புகையும் படியும் கசடும் உருகிய இரும்பைக் காற்றினின்றும் காக்கின்றன. இன்று வன்னியில் வெல்டிங் கம்பி என வழங்கப்படுவது இதன் வழிவந்ததே. 1920இல் முற்றிலும் உருக்கியொட்டப்பட்ட புல்லகர் என்னும் கப்பல் இங்கிலாந்தில் மிதக்கவிடப்பட்டதோடு, தறையாணியின் ஆட்சி முடிவை நோக்கத் தொடங்கியது.

இத்தொழில் வன்னி ஊர்களில் வேரூன்றுவதற்கு வேறு சில மாற்றங்கள் முன்னோடியாயின. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் குடியேற்றத்துக்கு வழிவகுத்தது. 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைப் பெரிதும் அடக்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும், பின்னர் மலையகத்திலிருந்தும் மக்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினர். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியமையால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. உழவர் கையிற் பணம் புழங்கியது. நீரிறைக்கும் இயந்திரமும், நான்கு சில்லு உழவு இயந்திரமும், லாண்ட்மாஸ்டர் எனும் இரு சில்லு உழவு இயந்திரமும் ஊர்தோறும் ஒலித்தன.

இயந்திரம் வந்த இடத்தில் அது பழுதடைவதும் இயல்பு. சேற்றில் இறங்கும் இரும்புச் சில்லு வளையும். கலப்பைச் சட்டகம் வெடிக்கும். பெட்டியின் அச்சு முறியும். இவற்றைக் கொல்லனின் உலையில் வைத்துச் சீர்செய்தல் அரிது. பெரும்பொருளை நிலத்தில் அமர்ந்து கையாளவும் இயலாது. ஒருபுறம் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு ஒருவெலயில் அமைந்து 1967இல் திறக்கப்பட்ட உருக்காலை கம்பியும் கோண இரும்பும் உள்நாட்டிலேயே கிடைக்கச் செய்தது. மறுபுறம் வீதியோரங்களுக்கு மின்சாரம் வந்தது. கண்டி வீதியோரச் சந்திகளில் கராச்சுகளும் வெல்டிங் கடைகளும் தோன்றலாயின. கொல்லனின் மகன் மட்டுமன்றி, எக்குடியிற் பிறந்தவனும் கராச்சில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பயிலலாம் என்ற நிலை இதனால் உருவாயிற்று. சாதியின் பிடி அற்றுப்போயிற்று எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் மேசையைச் சுற்றி நின்றவர்களின் குலம் ஒன்றாயிருக்கவில்லை என்பது கருதற்பாலது.

மேசை ஏன் வலியதாயிருத்தல் வேண்டும்

உருக்கியொட்டுவோனின் மேசை வெறுந்தாங்கி அன்று. அதனுள் மூன்று தேவைகள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, அது எரியாததாயிருத்தல் வேண்டும். உருக்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் உருகும். தெறிக்கும் துளிகளை மரப்பலகை தாங்காது. இரண்டாவது, அது மின்னைக் கடத்துதல் வேண்டும். மேசையின் ஒரு மூலையில் நிலக்கம்பியின் பிடியை மாட்டிவிட்டால், அதன்மேல் வைத்த எப்பொருளுக்கும் மின்சுற்று நிறைவெய்தும். மூன்றாவது, அது தட்டையாயும் அசையாததாயும் இருத்தல் வேண்டும். ஒட்டும் இடம் சூடேறி விரிய முயலும்போது சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதனைத் தடுக்கின்றது. பின்னர் அது குளிர்ந்து சுருங்கும்போது சட்டகம் முழுவதையும் தன்பக்கம் இழுக்கின்றது. வண்டிச் சில்லை இறுக்கிய அதே விசை இங்குப் படலையைக் கோணச் செய்துவிடுகின்றது. தடித்த தகட்டின்மேற் பொருளைக் கிளாம்ப் கொண்டு பிணைத்து ஒட்டினால் அக்கோணல் பெரிதும் குறையும். மேசையே மெல்லிய தகடாயின், வேலையோடு சேர்ந்து மேசையும் வளையும்.

சிறு வேலைத்தலமொன்றுக்கு 1.2 மீற்றர் நீளமும் 0.6 மீற்றர் அகலமும் 10 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள தகடு போதுமானது. அத்தகடு மட்டும் ஏறத்தாழ 56 கிலோகிராம் நிறையுடையது. 50 மில்லிமீற்றர்க் கோண இரும்பாற் சட்டகமும் நான்கு கால்களும் கீழ்ப்பிணைப்பும் அமைத்தால் மேசையின் மொத்த நிறை 100 கிலோகிராமைக் கடக்கும். உயரம் பெரும்பாலும் 85 முதல் 90 சென்ரிமீற்றர் வரை அமையும். நின்று வேலைசெய்பவனின் மணிக்கட்டே அதன் அளவுகோல்.

கட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு. சட்டகத்தின் நான்கு மூலைகளையும் முதலிற் புள்ளி ஒட்டாக மட்டும் பிடித்து, இரு மூலைவிட்டங்களையும் அளத்தல் வேண்டும். மேற்கூறிய அளவில் இரண்டும் 1,342 மில்லிமீற்றராய் ஒத்திருந்தால் மூலைகள் செங்கோணமாகும். வேறுபட்டால் தட்டிச் சரிசெய்து, பின்னரே முழுமையாக ஒட்டல் வேண்டும். ஒரு மூலையை ஒட்டியதும் அதற்கு எதிர்மூலைக்குச் செல்வது சுருங்கும் விசைகளை ஒன்றையொன்று சமன்செய்ய விடுவதற்காகும். மேற்றகட்டினை விளிம்பு முழுவதும் ஒட்டுதல் தவறு. அங்குமிங்குமாகச் சிறு ஒட்டுகளே போதும். அன்றேல், பாடுபட்டுப் பெற்ற தட்டையான தகடு நடுவே குழிந்துவிடும். மூன்று கால்கள் எந்நிலத்திலும் ஆடாது நிற்கும். நான்கு கால்களுக்கு மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே அதற்குப் போதுமானது. இறுதியாக, பற்றுப்பொறியாகிய வைஸ் மேசையின் காலுக்கு நேர்மேலாக அமைதல் நன்று. அடியின் விசை கால் வழியே நிலத்தில் இறங்குதல் வேண்டும் என்பதே காரணம். மண்ணிற் புதைத்த மரக்குற்றியின் தத்துவம் இங்கு வேறுவடிவில் தொடர்கின்றது.

தடையும் இடப்பெயர்வும்

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதோடு வன்னியின் தொழில்வாழ்வு தலைகீழாயிற்று. யாழ்தேவி ஓட்டம் நின்றது. மின்வழங்கல் அற்றது. பொருளாதாரத் தடையின்கீழ் எரிபொருள், சீமெந்து, இரும்பு, மின்கலம், உரம் முதலியன கட்டுப்படுத்தப்பட்டன. உருக்கியொட்டும் தொழிலுக்கு இரும்பும் மின்சாரமுமே உயிர்நாடி. அவ்விரண்டும் ஒருசேரத் தடைப்பட்டன. வடபகுதி மக்கள் சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மின்பிறப்பாக்கி உடைய வேலைத்தலத்திலும் மின்வில்லைக் கொளுத்துவது விலையுயர்ந்த செயலாயிற்று. கரியும் துருத்தியும் மின்சாரம் வேண்டாதவை. புதிய இரும்பு வாராத நிலத்தில் பழைய இரும்பின் ஒவ்வொரு துண்டும் மூலப்பொருளாகின்றது. மாற்றப்பட்ட தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. உழவுக்கென வந்த இரும்பும் பயணத்துக்கென வந்த இரும்பும் உயிர்காக்கும் இரும்பாக மாறிய காலம் அது.

இடப்பெயர்வுகள் இத்தொழிலுக்கு நேர்ந்த பேரிடி. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தனர். அவருட் பலர் வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி நகர் மக்களும் பெயர்ந்தனர். 2002இல் போர்நிறுத்தத்தோடு தடை தளர்ந்து கண்டி வீதி திறக்கப்பட்டபோது இரும்பும் சீமெந்தும் மீண்டும் வந்தன. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டது. 2008இலும் 2009இலும் மேற்கிலிருந்து கிழக்காக, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என மக்கள் அடுத்தடுத்துப் பெயர நேர்ந்தது.

பெயர்வோர் எதனை எடுத்துச் செல்வர்? கத்தியும் மண்வெட்டியும் கையில் வரும். தையல் இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் துவிச்சக்கரவண்டியில் ஏறும். 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட உருக்கு மேசைக்கு, முதியோரும் குழந்தைகளும் நெருங்கி அமர்ந்த உழவு இயந்திரப் பெட்டியில் இடமில்லை. தொழிலுக்கு நலந்தரும் நிறையே பெயர்வுக்குத் தடையாயிற்று. அம்மேசைகளின்மேற் செப்பனிடப்பட்ட பெட்டிகள் ஊரை ஏற்றிச் சென்றன, மேசைகள் பின்தங்கின. தொழிலாளி ஒருவனின் பல்லாண்டுச் சேமிப்பு எவ்வாறு ஒரு பொழுதில் அழிகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வீட்டின் இழப்பு அரச படிவங்களில் இடம்பெறும். மேசையோடு போன தொழிலின் இழப்புக்கு அங்கு நிரல் இருப்பதில்லை.

மீள்குடியேற்றத்தின் பின்

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பியோரை எதிர்கொண்டவை கூரையற்ற வீடுகளும் துருவேறிய இரும்பும் ஆகும். முள்ளிவாய்க்காற் பகுதியில் கைவிடப்பட்ட ஊர்திகள் குவியலாகக் கிடந்தன. பழைய இரும்பு சேகரித்தல் பலருக்குப் பிழைப்பாயிற்று. வெடிக்காத வெடிபொருள்கள் அப்பிழைப்பை உயிர்ப்பணயமாக்கின. நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் வெண்புகை காய்ச்சலைத் தரும். எண்ணெய் இருந்த மூடிய பீப்பாவை வெட்டுதல் வெடிப்பைத் தரும். பழைய இரும்பை நம்பியவனுக்கு இவ்வறிவு கருவியினும் முந்திய தேவையாகும்.

எனினும் வேலை பெருகியது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்றது. கதவு, யன்னற் கம்பி, படலை, கூரைச்சட்டகம் என்பவற்றை ஊரிலேயே ஆக்கவேண்டியிருந்தது. 500 உழவு இயந்திரங்களும் இந்தியாவால் வட மாகாணத்துக்கு வழங்கப்பட்டன. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. தேசிய மின்வலையும் மீள இணைந்தது. நிலைமாற்றி கொண்ட பழைய வெல்டிங் இயந்திரத்தைத் தூக்க இருவர் வேண்டும். அதன் இடத்தில் ஒரு கையால் தூக்கக்கூடிய இன்வேர்ட்டர் இயந்திரங்கள் வந்தமையால், சந்திக் கடையில் இருந்த தொழில் வீட்டு முற்றத்துக்கு நகர்ந்தது. இயந்திரம் இலேசாயிற்று. மேசையோ முன்போலவே கனமாயிருத்தல் வேண்டும்.

இம்மாற்றத்தில் இரு கூறுகள் சிந்தனைக்குரியவை. போரிற் கால் இழந்தோர் பலர் வாழும் நிலத்தில் மேசையின் உயரம் வெறும் அளவுக் கணக்கன்று. 90 சென்ரிமீற்றர் உயர மேசை நிற்க வல்லவனுக்கே உரியது. கால்களைக் குறைத்து, முழங்கால் நுழைய இடம்விட்டு அமைத்தால், கதிரையிலோ சக்கர நாற்காலியிலோ அமர்ந்தவனும் அதே தொழிலைச் செய்யலாம். அமர்ந்து தொழில்செய்த பழைய கொல்லனின் மரபு இங்கு இழிவின் அடையாளமாகாது உரிமையின் வழியாக மீளலாம். மற்றையது கல்வி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்குகின்றன. குலவழியாகவும் கராச்சு வழியாகவும் வந்த அறிவு இப்போது சான்றிதழ் வழியாகவும் வருகின்றது.

ஆயினும் இத்தொழிலின் நிலை உறுதியானதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, எரிபொருளுக்கு நெடுவரிசை நீண்டபோது, இறக்குமதி இரும்பின் விலை உயர்ந்தபோது, சிறு வேலைத்தலங்களே முதலில் ஓய்ந்தன. கடனில் இயந்திரம் வாங்கியவனுக்கு வேலை நின்றாலும் தவணை நிற்பதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வன்னியின் இரும்புத் தொழிலில் வேலைப்பரப்பு மூன்று நிலைகளைக் கடந்துள்ளமை புலனாகும். மண்ணிற் புதைந்த அடைகல் ஊரோடும் குலத்தோடும் பிணைந்திருந்தது. சந்திக் கடையின் மேசை சந்தையோடும் இயந்திரத்தோடும் பிணைந்திருந்தது. இன்றைய வீட்டு முற்றத்து மேசை, திரும்பி வந்த குடும்பம் தன் நிலத்தில் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையோடு பிணைந்துள்ளது. இலகுவில் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களையே பல்லாண்டுகளாகத் தேர்ந்து வாழப் பழகிய மக்கள், நால்வர் சேர்ந்தாலும் எளிதிற் பெயர்க்கவியலாத ஒன்றைச் செய்து முற்றத்தில் நிறுத்துகின்றனர் என்பது வரலாற்று மாணவன் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. காணி உறுதியும் மின்சாரமும் நியாயமான கடனும் அந்நம்பிக்கைக்குத் துணைநிற்றல் வேண்டும். அவை இன்றேல் மேசை எத்துணை வலியதாயினும் அதன்மேல் வேலை நடவாது.

குளங்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் ஆவணமும் உண்டு. உலைக்களங்களுக்கும் கராச்சுகளுக்கும் முதிய தொழிலாளரின் நினைவே ஆவணம். அந்நினைவு மறையுமுன் அதனைக் கேட்டுப் பதிவுசெய்தல், இம்மண்ணின் பல்கலைக்கழகங்களிற் பயில்வோர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.